ஜெயித்தவர் கதை மட்டும் போதுமா?

அமெரிக்கக் குழந்தைகள் படிக்கும் பேஸ்பால் கதைகளும், அவற்றைச் சுற்றி நடக்கும் தகராறும்

செத்துப் போய் 77 ஆண்டுகள் ஆன ஒருவர், ஒரே நாளில் முதல் இடத்தைப் பிடித்தார்!

அவர் பெயர் ஜோஷ் கிப்சன். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடியவர். 1947-ம் ஆண்டு ஜனவரி மாதம், 35-வது வயதில் காலமானார். அவர் கருப்பர். அதனால், வெள்ளையர்கள் ஆடிய பெரிய போட்டிகளில் அவரை ஒரு நாள்கூட ஆட விடவில்லை. அவருடைய ஆட்டக் கணக்கும் பெரிய கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை.

2024-ம் ஆண்டு மே மாதம் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். கருப்பர்கள் தனியாக ஆடிய லீக்குகளில் 1920 முதல் 1948 வரை ஆடிய 2,300-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கு உள்ளே சேர்க்கப்பட்டது. சேர்த்ததும், மட்டை பிடிப்பதில் முதல் பெயராக நின்றது ஜோஷ் கிப்சன் பெயர்!

கணக்குப் புத்தகம் மறந்த மனிதரை யார் மறக்காமல் இருந்தார்கள்?

கூட ஆடியவர்கள் மறக்கவில்லை. கருப்பர்கள் நடத்திய பத்திரிகைகள் மறக்கவில்லை. பழைய பத்திரிகைகளைப் புரட்டி ஒவ்வொரு ஆட்டமாகக் கணக்கு எடுத்த ஆராய்ச்சிக்காரர்கள் மறக்கவில்லை. இன்னொரு கூட்டமும் உண்டு. குழந்தைகளுக்குக் கதை எழுதியவர்கள்! கணக்கு திருந்துவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 2004-ல், கிப்சன் பெயரைத் தலைப்பில் வைத்து ஒரு படக் கதை வந்து விட்டது.

இந்தக் கதைகளைப் பற்றித்தான் இப்போது அமெரிக்காவில் தகராறு. "பழைய அநியாயத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? சொன்னால் எவ்வளவு சொல்லலாம்?" என்பது கேள்வி. இது புத்தகக் கடைக்காரர்களின் கேள்வி மட்டும் அல்ல. பிள்ளை பெற்ற எல்லோருடைய கேள்வியும்தான்.

கிரிக்கெட்டின் உறவு

பேஸ்பால் நமக்குப் பழக்கம் இல்லாத ஆட்டம். ஆனால் புரிந்து கொள்வது எளிது.

ஒருவர் பந்தை எறிவார். இன்னொருவர் உருண்டையான மட்டையால் அடிப்பார். அடித்து விட்டு ஓட வேண்டும். மைதானத்தில் நாலு மூலைகள். மூலைக்குப் பெயர் 'பேஸ்'. நாலு மூலையையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். பந்து வேலியைத் தாண்டிப் போனால் 'ஹோம் ரன்'. கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

1,000 தடவை மட்டை பிடித்து, 300 தடவை சரியாக அடிப்பவரே கெட்டிக்காரர். புதுக் கணக்குப்படி ஜோஷ் கிப்சனுக்கு 372. அதுவரை முதல் இடத்தில் இருந்த டை காப் என்ற வெள்ளையருக்கு 367.

எழுதாத சட்டம்

கருப்பர்களைத் தள்ளி வைத்தது எந்தச் சட்டம்?

வேடிக்கை என்னவென்றால், பெரிய லீக்குகளில் அப்படி ஒரு சட்டம் எழுதப்படவே இல்லை!

1884-ம் ஆண்டு மோசஸ் பிளீட்வுட் வாக்கர் என்ற கருப்பர், டொலிடோ நகர அணிக்காகப் பெரிய போட்டியில் ஆடி இருக்கிறார். 1887-ல் வேறு ஒரு லீக்கின் முதலாளிகள் கூடினார்கள். "இனிமேல் புதிதாகக் கருப்பர் யாரையும் சேர்ப்பது இல்லை" என்று முடிவு செய்தார்கள். மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். எழுதி வைத்தால் அல்லவா கேள்வி கேட்பார்கள்? வாயால் பேசி முடித்துக் கொண்டார்கள். அந்த வாய்ப்பேச்சு 60 ஆண்டுகளுக்குச் சுவராக நின்றது.

தள்ளி வைக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1920-ல் ரூப் பாஸ்டர் என்ற கருப்பர் கான்சாஸ் நகரத்தில் மற்ற அணிக்காரர்களைக் கூட்டி, 'நீக்ரோ தேசிய லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார். (அந்தக் காலத்தில் கருப்பர்களை 'நீக்ரோ' என்பார்கள். இன்று அது மதிப்பான சொல் அல்ல. பழைய லீக்கின் பெயர் என்பதால் இங்கே வருகிறது.)

அந்த ஆட்டக்காரர்களின் வாழ்க்கை பஸ்சில் கழிந்தது. ஊர் விட்டு ஊர், நூற்றுக்கணக்கான மைல். பல ஊர்களில் ஓட்டலில் அறை தர மாட்டார்கள். சாப்பாட்டுக் கடையில் உட்கார விட மாட்டார்கள். பஸ்சிலேயே சாப்பாடு. பஸ்சிலேயே தூக்கம்.

ஹாங்க் ஆரன் என்ற ஆட்டக்காரர் தம் சுயசரிதையில் ஒரு சம்பவத்தைச் சொல்லி இருக்கிறார். 1952-ல் அவர் ஒரு கருப்பர் அணியில் ஆடிக் கொண்டு இருந்த இளைஞர். தலைநகரமான வாஷிங்டனில் ஒரு கடையில் காலைச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தார்கள். உள்ளே சமையல் அறையில் தட்டுகளை உடைக்கும் சத்தம் கேட்டது! கருப்பர்கள் சாப்பிட்ட தட்டு தீட்டுப் பட்டு விட்டதாம்.

அதே ஆரன்தான் 1974-ல் தம்முடைய 715-வது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத் என்ற பெரிய ஆட்டக்காரரின் சாதனையை முறியடித்தார்.

சுவரைத் தாண்டியவர்

சுவரைத் தாண்டி உள்ளே போனவர் ஜாக்கி ராபின்சன். 1919-ல் பிறந்தவர். கல்லூரியில் படித்தவர். ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்தவர். 1944-ல் ராணுவ முகாம் பஸ்சில், "பின்னால் போய் உட்கார்" என்று சொன்னபோது மறுத்தார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றவாளி அல்ல என்று விடுதலை ஆனார்.

1945-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்தார். ஒரு நிபந்தனை போட்டார். "திட்டுவார்கள். திருப்பித் திட்டக் கூடாது. அடிப்பார்கள். திருப்பி அடிக்கக் கூடாது" என்பதுதான் அதன் சாரம்.

1947-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, 42-ம் நம்பர் சட்டையுடன் ராபின்சன் மைதானத்தில் இறங்கினார். ஜோஷ் கிப்சன் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை!

எதிர் அணிக்காரர்கள் கூசும்படி ஏசினார்கள். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. ராபின்சன் வாய் திறக்கவில்லை. மட்டையால் பதில் சொன்னார். அந்த ஆண்டின் சிறந்த புதிய ஆட்டக்காரர் என்ற பட்டம் அவருக்கே கிடைத்தது. 1949-ல் தம் லீக்கிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 1997-ல் அவருடைய 42-ம் நம்பரை, எல்லா அணிகளிலும், இனி யாருக்கும் கொடுப்பது இல்லை என்று மரியாதை செய்தார்கள்.

கதை எழுதுகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

கதைக்குள் ஒரு சுவர்

ராபின்சன் வருவதற்கு முன்பும் அமெரிக்காவில் சிறுவர்களுக்கான பேஸ்பால் கதைகள் ஏராளம். ஜான் டூனிஸ் என்பவர் அதில் கெட்டிக்காரர். 1940-ல் அவர் எழுதிய 'டாம்கின்ஸ்வில் பையன்' பெயர் பெற்றது. (புத்தகப் பெயர்கள் சிலவற்றைத் தமிழாக்கித் தருகிறோம்.) அந்தக் கதையில் வரும் அணியும் புரூக்ளின் அணிதான்.

டூனிஸ் நல்ல மனம் படைத்தவர். 1943-ல் எழுதிய இன்னொரு கதையில், அணியில் சேர்ந்த யூதர் ஒருவரை மற்றவர்கள் படுத்தும் பாட்டைக் காட்டி, அது தவறு என்று சொன்னார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சல். ஆனால் அந்த அணியிலும் ஒரு கருப்பர் கிடையாது. மைதானத்தில் இருந்த சுவர் கதைக்குள்ளும் இருந்தது.

பிறகு நிலைமை மாறிற்று. 1970-க்குப் பிறகு, பிரிவினைக் காலத்தைத் திரும்பிப் பார்க்கும் சிறுவர் கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. முக்கியமான சிலவற்றைப் பார்ப்போம்.

'நன்றி, ஜாக்கி ராபின்சன்' என்ற கதை 1974-ல் வந்தது. எழுதியவர் பார்பரா கோகன். தகப்பன் இல்லாத சாம் என்ற சிறுவன். அவன் தாய் ஒரு விடுதி நடத்துகிறாள். அங்கே சமையல் வேலை பார்க்கும் வயதான கருப்பர் டேவி. பேஸ்பால் பைத்தியம் இருவரையும் சேர்த்து வைக்கிறது. டேவி நோயில் படுக்கிறார். அவருக்காக ராபின்சனிடம் ஒரு பந்தில் கையெழுத்து வாங்க, சிறுவன் தனியாகப் புறப்பட்டுப் போகிறான்.

1984-ல் பெட்டி பாவ் லார்ட் என்ற சீனப் பெண்மணி ஒரு கதை எழுதினார். 1947-ல் சீனாவில் இருந்து புரூக்ளினுக்கு வரும் சிறுமியின் கதை. பாஷை தெரியாது. சிநேகிதி கிடையாது. பேஸ்பாலும் ராபின்சனும்தான் அவளுக்குப் புது நாட்டின் கதவைத் திறந்து விடுகிறார்கள். ஆசிரியையும் சிறு வயதில் சீனாவில் இருந்து புரூக்ளினுக்கு வந்தவர்தான்.

1999-ல் டான் கட்மன் எழுதிய 'ஜாக்கியும் நானும்' ஒரு மாயக் கதை. இந்தக் காலத்து வெள்ளைச் சிறுவன் ஒருவன், பழைய ஆட்டக்காரர் படம் போட்ட அட்டையைக் கையில் பிடித்துக் கொண்டு 1947-க்குப் போய் விடுகிறான். போய் இறங்கியதும் பார்த்தால், அவன் கருப்புச் சிறுவனாக மாறி இருக்கிறான்! மற்றவன் தோலுக்குள் புகுந்து பார்த்தால்தான் வலி தெரியும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

ராபின்சனின் மகள் ஷாரன் ராபின்சனும் எழுதி இருக்கிறார். 2016-ல் வந்த அவருடைய கதை, 1948-ல் நிஜமாக நடந்ததை வைத்துப் பின்னியது. பக்கத்தில் குடி வந்த ராபின்சன் குடும்பத்துக்கும் ஒரு யூதச் சிறுவனுக்கும் ஏற்படும் சிநேகம்தான் கதை. யூதர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது இல்லை என்று தெரியாமல், ராபின்சன் வீட்டார் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் மரம் கொடுத்து விடுகிறார்கள். பெரிய மனிதருக்கும் அடுத்த வீட்டார் வழக்கம் தெரியாமல் போகலாம். கேட்டுத் தெரிந்து கொண்டால் போகிறது என்று குழந்தைக்குப் புரிகிறது.

தொடக்கத்தில் சொன்ன கிப்சன் கதை ஏஞ்சலா ஜான்சன் எழுதியது. ஜோஷ் கிப்சன் மாதிரி அடிக்கத் தெரிந்த ஒரு பெண் குழந்தை. ஆனால் பெண் என்பதால் அணியில் இடம் இல்லை. கிப்சனுக்கு ஒரு சுவர் என்றால், அவளுக்கு இரண்டு!

யார் கண்ணால் பார்ப்பது?

இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது.

யூதச் சிறுவன், சீனச் சிறுமி, வெள்ளைச் சிறுவன். பெரும்பாலும் வேறு ஒருவர் கண்ணால்தான் ராபின்சனைப் பார்க்கிறோம்.

இதில் நன்மை உண்டு. ஒன்றும் தெரியாத குழந்தை, கதையில் வரும் ஒன்றும் தெரியாத குழந்தையோடு சேர்ந்தே கற்றுக் கொள்கிறது. "எனக்கு என்ன?" என்று ஒதுங்காமல், "நான் இருந்தால் என்ன செய்து இருப்பேன்?" என்று யோசிக்கிறது.

குறையும் உண்டு. அடிபட்டவன் வீட்டுக் குழந்தை என்ன நினைத்தது? அது கதையின் நடுவில் வருவது இல்லை.

வால்டர் டீன் மையர்ஸ் என்ற கருப்பு எழுத்தாளர் இதைப் பல ஆண்டுகள் சொல்லி வந்தார். 2014-ல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஒரு பத்திரிகைக் கட்டுரையில் கணக்கு காட்டினார். 2013-ல் வெளியான 3,200 சிறுவர் புத்தகங்களை ஆராய்ந்தார்களாம். கருப்பர்களைப் பற்றியவை 93. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை!

அவர் சொன்னதோடு நிற்கவில்லை. 2001-லேயே 'பிடி ஓவன்சின் நாட்குறிப்பு' என்ற கதையை எழுதி வைத்தார். 1948-ல் அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரத்தின் கருப்பர் அணி. அதில் சாமான்களைப் பார்த்துக் கொள்ளும் 17 வயதுப் பையன்தான் பிடி. அவன் எழுதும் டைரியாகக் கதை போகிறது. பையன் கற்பனை. ஆனால் அணி நிஜம். 1948-ல் அந்த அணியில் உண்மையாகவே 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் ஆடினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வில்லி மேஸ்தான் அவர்!

கதவு திறந்தது, கடை மூடியது

மற்றக் கதைகள் சொல்லாத ஒன்றை இந்த டைரி தொடுகிறது.

ராபின்சன் உள்ளே போனதும் கருப்பர்களுக்கு எல்லாம் நல்லதாகி விட்டது என்று நினைக்கிறோம். நடந்தது என்ன?

பெரிய அணிகள் கருப்பர் லீக்கில் இருந்த நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தன. ராபின்சன் ஆடிக் கொண்டு இருந்த கருப்பர் அணிக்குப் பிராஞ்ச் ரிக்கி ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. நியூவார்க் அணியின் முதலாளியான எபா மான்லி என்ற பெண்மணி, "இது என்ன நியாயம்?" என்று கேட்டார். ரசிகர்களும் ராபின்சனைப் பார்க்கப் போய் விட்டார்கள். கருப்பர் மைதானம் காலி ஆயிற்று. 1948-க்குப் பிறகு நீக்ரோ தேசிய லீக் மூடப்பட்டது. எபா மான்லியும் தம் அணியை விற்று விட்டார்.

இளைஞர்கள் சிலர் பெரிய அணிகளுக்குப் போனார்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் எங்கே போவார்கள்? சமையல் செய்தவர், பஸ் ஓட்டியவர், டிக்கெட் விற்றவர் எங்கே போவார்கள்?

சுவர் இடிந்தது நல்லதுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இடித்த செலவை யார் தலையில் கட்டினார்கள் என்பதும் கதைதான். எபா மான்லியின் பெருமையைப் பேஸ்பால் உலகம் 2006-ல்தான் ஏற்றுக் கொண்டது. புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவர். அப்போது அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆகி இருந்தன.

தோளில் போட்ட கை

இனி, எல்லோருக்கும் பிடித்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

1947-ல் சின்சினாட்டி நகரத்தில் ஆட்டம். கூட்டம் ராபின்சனை ஏசுகிறது. அப்போது தென்பகுதியைச் சேர்ந்த வெள்ளையரான பீ வீ ரீஸ், மைதானத்தைக் கடந்து வந்து ராபின்சன் தோளில் கையைப் போடுகிறார். கூட்டம் வாய் அடைத்துப் போகிறது!

1990-ல் பீட்டர் கோலன்பாக் இதை அழகான படப் புத்தகமாக எழுதினார். பல பள்ளிகளில் படித்தார்கள். 2005-ல் புரூக்ளினில் இந்தக் காட்சிக்குச் சிலையே வைத்தார்கள்.

ஆனால் சரித்திர ஆசிரியர்கள் அந்தக் காலப் பத்திரிகைகளைத் தேடிப் பார்த்தார்கள். 1947-ல் இப்படி நடந்ததாக ஒரு செய்தியும் அகப்படவில்லை. ராபின்சன் தம் சுயசரிதையில் இதைப் பாஸ்டன் நகரத்தில் நடந்ததாகச் சொல்கிறார். ஊரும் மாறுகிறது, ஆண்டும் மாறுகிறது.

ரீஸ் நல்லவர். ராபின்சனின் உற்ற நண்பர். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். இத்தனை சம்பவங்களில் இந்த ஒன்று மட்டும் ஏன் சிலை ஆயிற்று?

கேட்கிறவர்களுக்கு அது சுகமாக இருக்கிறது. ஒரு நல்லவர் வந்தார், கையைப் போட்டார், எல்லாம் சரியாகி விட்டது! தட்டை உடைத்தவர் கதையைச் சொன்னால் மனம் கஷ்டப்படுகிறது. தோளில் கை போட்டவர் கதையைச் சொன்னால் மனம் ஆறுகிறது. எனவே சுலபமானதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

புத்தகத்தைப் பூட்டி வைத்தார்கள்

அந்த ஆறுதல் கதைகளுக்கும்கூட இப்போது ஆபத்து வந்து இருக்கிறது.

2023-ம் ஆண்டுத் தொடக்கத்தில் புளோரிடா மாநிலத்தில் இருந்து ஒரு செய்தி வந்தது. டுவால் மாவட்டப் பள்ளிகளில், மாநிலத்தின் புதிய சட்டங்களுக்குப் பொருந்துமா என்று பரிசீலிப்பதற்காகப் பல குழந்தைப் புத்தகங்களை நிறுத்தி வைத்து இருந்தார்கள். அவற்றில் ஹாங்க் ஆரனைப் பற்றிய படப் புத்தகமும் ஒன்று. போர்ட்டோ ரிக்கோ தீவின் பெருமையான ராபர்ட்டோ கிளமென்டே பற்றிய புத்தகமும் ஒன்று. நிலநடுக்கத்தில் தவித்த நிகரகுவா மக்களுக்கு உதவிப் பொருள் கொண்டு போகும்போது, 1972-ல் விமான விபத்தில் உயிர் விட்டவர் கிளமென்டே! ஊரார் கேள்வி கேட்டார்கள். பிறகு கிளமென்டே புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் இன்னொன்று நடந்தது. அமெரிக்க ராணுவ இலாகாவின் இணையதளத்தில் ஜாக்கி ராபின்சனின் ராணுவச் சேவையைப் பற்றிய பக்கம் காணாமல் போயிற்று. இன வேற்றுமை பற்றிய விஷயங்களைக் களையும்போது அதுவும் போய் விட்டது. பெரும் கூச்சல் கிளம்பியதும் திரும்ப வைத்தார்கள்.

எடுத்தவர்கள் பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். "சின்னப் பிள்ளைகள் மனத்தில் கருப்பு, வெள்ளை என்ற பேதத்தை ஏன் ஊட்ட வேண்டும்? தாத்தா செய்த தவறுக்குப் பேரன் ஏன் தலை குனிய வேண்டும்?" என்கிறார்கள். பெற்றோர் பலருக்கு இந்தக் கவலை உண்மையாகவே இருக்கிறது. அதைக் கேலி செய்து தள்ளக் கூடாது.

ஆனால் புத்தகத்தைப் பூட்டினால் கவலை தீருமா?

இந்தக் கதைகளில் எந்தச் சிறுவனையும் தலை குனியச் சொல்லவில்லை. சாம் என்ற வெள்ளைச் சிறுவன் டேவிக்காகத் தனியாக ஊர் போகிறான். வாசிக்கிற பிள்ளை அவனோடு சேர்ந்து நடக்கிறது. தாத்தா எந்தப் பக்கம் நின்றாலும், பேரன் தன் பக்கத்தைத் தானே தேர்ந்து எடுக்கலாம் என்று கதை சொல்லாமல் சொல்கிறது. தெரியாமல் எப்படித் தேர்ந்து எடுப்பது?

கருப்புக் குழந்தையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அதன் தாத்தா அந்தப் பஸ்சில் தூங்கியவர். வீட்டில் அந்தக் கதை தெரியும். பள்ளிக்கூடத்தில் மட்டும் தெரியாது என்றால், அந்தக் குழந்தை என்ன நினைக்கும்? "எங்கள் தாத்தா கதை வெட்கப்பட வேண்டிய கதை போலும்" என்று நினைக்காதா?

குழந்தைகள் தாங்குவார்களா?

தாங்குவார்கள். பெரியவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

2024-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, பர்மிங்காம் நகரத்தின் பழைய ரிக்வுட் மைதானத்தில் ஒரு சிறப்பு ஆட்டம் நடந்தது. கருப்பர் லீக்குகளுக்கு மரியாதை செய்வதற்காக நடத்தினார்கள். வில்லி மேஸ் இரண்டு நாளைக்கு முன்புதான், 93-வது வயதில் காலமாகி இருந்தார். தொலைக்காட்சியில் பழைய நினைவுகளைச் சொல்ல, ரெஜி ஜாக்சன் என்ற கருப்பு ஆட்டக்காரரை அழைத்தார்கள்.

இனிமையாக நாலு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து இருக்கலாம். அவர் உள்ளதைச் சொன்னார். 1967-ல் அதே ஊரில் ஆடியபோது, சாப்பாட்டுக் கடையிலும் ஓட்டலிலும் தம்மை உள்ளே விடாததைச் சொன்னார். கூட ஆடிய வெள்ளை நண்பர்கள் தம் பக்கம் நின்றதையும் சொன்னார். வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து இருந்தவர்கள் கேட்டார்கள்.

1967 என்பதைக் கவனியுங்கள். ராபின்சன் உள்ளே போய் 20 ஆண்டுகள் ஆன பிறகு! பாஸ்டன் அணி முதல் கருப்பரைச் சேர்த்ததே 1959-ல்தான். சுவர் ஒரே நாளில் விழவில்லை. கல் கல்லாகப் பெயர்க்க வேண்டி இருந்தது.

ராபின்சனே இதைச் சொல்லி விட்டுத்தான் போனார். சிறுவர் கதைகள் பெரும்பாலும் 1947-ல் முடிந்து விடுகின்றன. அவர் வாழ்க்கை முடியவில்லை. 1972-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ஒரு பெரிய ஆட்டத்தில் அவருக்கு மரியாதை செய்தார்கள். கண் பார்வை மங்கி, உடல் தளர்ந்து இருந்த நேரம். நன்றி சொல்லி விட்டு, ஒரு கருப்பர் அணியின் மானேஜராக நிற்பதையும் பார்க்க வேண்டும் என்று அந்த மேடையிலேயே சொன்னார். ஒன்பது நாள் கழித்து இறந்து விட்டார். அவர் கேட்டது 1975-ல் நடந்தது. அவர் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு கணக்கு. 1991-ல் பெரிய அணிகளில் அமெரிக்கக் கருப்பர்கள் நூற்றுக்கு 18 பேர் இருந்தார்கள். 2024-ல் நூற்றுக்கு 6 பேர்தான். சட்டம் எதுவும் தடுக்கவில்லை. விளையாட்டுச் சாமான்களின் விலை, பயிற்சிக்கு ஆகும் பணம், மற்ற விளையாட்டுகளின் கவர்ச்சி என்று பல காரணம் சொல்கிறார்கள். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, உள்ளே வருவதற்கு வழியும் வேண்டும் என்று தெரிகிறது.

எந்தக் கதையைக் கொடுப்பது?

ஜெயித்தவர் கதை வேண்டும். அது இல்லாவிட்டால் குழந்தைக்கு நம்பிக்கை வராது. ராபின்சன் கதையைப் படித்த பிள்ளை, "நானும் பொறுத்துக் கொண்டு முன்னேறுவேன்" என்று நினைக்கும். நல்லதுதான்.

அது மட்டும் போதும் என்று நிறுத்தி விட்டால், பிள்ளை இன்னொரு பாடத்தையும் கற்றுக் கொண்டு விடும். "கெட்டிக்காரனாக இருந்தால் சுவரைத் தாண்டலாம். தாண்டாதவன் கெட்டிக்காரன் அல்ல" என்று நினைத்து விடும். அது பொய்ப் பாடம். ஜோஷ் கிப்சன் தாண்டவில்லை. அவருக்கு என்ன திறமை குறைவு? 372 என்ற கணக்கே சாட்சி!

ஆகையால் ராபின்சன் கதையைப் படித்த பிள்ளைக்கு, அடுத்ததாகப் பிடி ஓவன்சின் டைரியைக் கொடுக்க வேண்டும். தோளில் போட்ட கையைப் பார்த்த பிள்ளைக்கு, உடைந்த தட்டின் சத்தமும் கேட்க வேண்டும்.

1969-ல் ஒரு குழு உட்கார்ந்து, எவை 'பெரிய லீக்குகள்' என்று பட்டியல் போட்டது. கருப்பர் லீக் ஒன்றுகூட அதில் இல்லை. அந்தப் பட்டியலைத் திருத்த 2020-ம் ஆண்டு டிசம்பர் வரை ஆயிற்று. கணக்கைச் சேர்க்க 2024 ஆயிற்று. பெரியவர்கள் இவ்வளவு தாமதித்தார்கள். இன்றும் சில ஆட்டங்களின் கணக்கு கிடைக்காமல் தேடுகிறார்கள்.

கணக்கைத் திருத்துவது ஒரு வேலை. புதுக் கணக்கைப் பார்த்த பிள்ளை, "இவ்வளவு நன்றாக ஆடியவரை ஏன் உள்ளே விடவில்லை?" என்று கேட்கும். அதற்குப் பதில் எண்களில் இல்லை. அலமாரியில் இருக்கும் கதையை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவர்கள்தான் படித்துக் காட்ட வேண்டும்.